கோடை

மன்னவனூர் ஏரிக்கு மேற்கே
பூண்டு வயல் முடிந்ததும் தொடங்குகிறது,
மாடுகூடக் கால் வைக்க யோசிக்கும் சதுப்பு.
காலை ஏழரை.
கையுறைக்குள் விரல்கள் வேறு யாருடையவோ போலிருந்தன.
நானும் ரெஜினாவும் குழாயின் பிடியில் தொங்கினோம்.
எடை போதவில்லை.
வயல்காரர் அருள்சீலன் பீடியை அணைத்துக்
காதில் செருகிக்கொண்டு வந்து
அவரும் தொங்கினார்.
மூன்று பேருக்கு
ஒரு சாண் இறங்கிக் கொடுத்தது நிலம்.

இரண்டு மீட்டர் பதினாறில் டங்கென்றது.
பாறை.

இழுத்துப் பலகையில் கிடத்தினோம்.
கறுப்பு. அதன்கீழும் கறுப்பு,
வடிகட்டிய தேயிலைச் சக்கையின் ஈரக் கறுப்பு.
பிறகு நான்கு விரல் அகலத்துக்கு மட்டும்
வெளிறல்,
காய்ச்சல்காரன் நாக்கைப் போல.

ஆய்வகம் சொல்லும்வரை நான் எதுவும் சொல்லக் கூடாது.
ரெஜினா பார்க்காதபோது
ஒரு துணுக்கைக் கிள்ளி முன்பல்லில் வைத்துக் கடித்தேன்.
களிமண் என்றால் வழுக்கும்.
இது நறநறத்தது.

இந்த நறநறப்பு பழக்கமானது.
ஏழு வருடங்களுக்கு முன் அரபிக்கடலில்,
நாற்பத்தொரு நாள் வாந்திக்கு நடுவே,
மூவாயிரம் மீட்டர் அடியிலிருந்து ஏறிவந்த சேற்றிலும்
இதையே கடித்திருக்கிறேன்.
பிறகு நுண்ணோக்கியில் எண்ணினேன்.
கண்ணாடிபோல் சின்னச் சின்னப் படிகங்கள்,
முனை மழுங்கியவை.
தண்ணீர் தேய்த்த மழுங்கல் இல்லை.
எங்கோ ஒரு பாலையில்
ஒன்றையொன்று இடித்து இடித்து மழுங்கி,
இலேசாகி, எழும்பி,
கடலைக் கடக்கப் பார்த்து நடுவில் விழுந்தவை.
மழை வலுத்த நூற்றாண்டுகளில் கொஞ்சம்.
மழை பொய்த்த நூற்றாண்டுகளில்
அள்ளி அள்ளி.

விழாமல் தப்பியவை
மலை ஏறியிருக்கின்றன.

கோடை விழா, கோடைச் சலுகை, கோடைக் குளிர்பானம்:
வத்தலக்குண்டிலிருந்து வளைவுக்கு வளைவு பலகைகள்.
மேல்திசைக் காற்றுக்கும் அதுதான் பெயர்
என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை.
அந்தக் காற்று
சோலை சுருங்கிப் புல் ஏறிய ஒரு காலத்தில்
இந்தப் பள்ளத்தில் வந்து
கைப்பையைக் கவிழ்த்திருக்கிறது.

வாயில் மண் விழுந்தது என்கிறோமே,
அது என் பல்லிடுக்கில் இருந்தது.
துப்ப மனம் வரவில்லை. துப்பினேன்.

அருள்சீலன் பலகையருகே குந்தினார்.
"இதுல ரெண்டாயிரத்துப் பதினாறு எங்கக் கெடக்கு?"

அந்த வருடம் ஐப்பசியும் பெய்யவில்லை, கார்த்திகையும் பெய்யவில்லை.
விதைப்பூண்டையே விற்றுத் தின்றார்களாம்.
மோட்டார் ஒன்பதாயிரத்துக்குப் போனது.
மச்சான் திருப்பூருக்குப் போனான்,
போனவன் போனவன்தான்.

ஒரு விரல் அகலம் சுமார் இருநூறு வருடம் என்றேன்.
உங்கள் வருடம் என் நகக்கண் அழுக்கைவிட மெல்லியது
என்று சொல்ல வந்து, சொல்லவில்லை.
அதுகூட உண்மையில்லை.
மேலே உள்ள ஒரு சாணைக் காட்டுப்பன்றி கிண்டிவிட்டது.
கிழங்குக்காக, எப்போதோ.
அதில் தேதி எதுவும் நிற்காது.
அவர், அவருடைய அப்பா, இந்த வயல், தார் ரோடு,
எல்லாம் கலங்கிய அந்த ஒரு சாணுக்குள்.

"அப்ப செத்துப்போன காலந்தான் தெளிவா தெரியும்ங்கிற."

ஆமாம் என்றேன்.
அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழாயை அரை அரை மீட்டராக அறுத்தோம்.
பிளாஸ்டிக் சுற்றி, அலுமினியத்தாள் சுற்றி,
மேல் எது கீழ் எது என்று அம்புக்குறி போட்டோம்.
குறிப்பேட்டில் ஆழம், நிறம், ஈரம் எழுதினேன்.
நேரே ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே,
மோட்டார், ஒன்பதாயிரம் என்றும் எழுதினேன்.
கட்டுரைக்கு அது உதவாது.
வழிகாட்டி பார்த்தால் கேட்பார்.

ஜீப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது
அருள்சீலன் காதுப் பீடியை மறுபடி பற்றவைத்துக்கொண்டு
நாங்கள் தோண்டிய துளையருகே நின்றிருந்தார்.
தண்ணீர் அதில் ஏறிக்கொண்டிருந்தது, தேநீர் நிறத்தில்.
மேலே ஏதோ மிதந்தது.
பூந்தாதா, மேற்கிலிருந்து வந்ததா, பீடிச் சாம்பலா,
நான் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை.